ஐஸ் கட்டத்தில் இரண்டு சின்னக் கோடுகள்

என் பழைய அலுவலகத்தில் புதிய கணினி முறை ஒன்று வந்திருக்கிறது. பழைய வெப்ப அளவுகள் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்ற வேண்டுமாம். பிழையான ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டும். ஆனால் காரணத்தை எழுதக்கூடாது. பட்டியலில் இருந்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். கருவி உடைந்தது, மின்கலம் தீர்ந்தது, கருவி காலப்போக்கில் மெல்லப் பிசகியது என்று ஏழெட்டுக் காரணங்கள். வேலை செய்த ஆள் பிழை விட்டான் என்பது பட்டியலில் இல்லை.

அந்தப் பட்டியலைச் செய்தவர்கள் ஒரு நாளும் கையால் வேலை செய்யாதவர்கள். அதைப் பார்த்தாலே தெரிகிறது.

இதைப் பற்றிக் கேட்கத்தான் சுகன்யா எனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் ஓய்வுபெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்த தமிழ்நாட்டுப் பெண். சிட்னியில் கெல்லிவில் வீட்டில் இருந்தபடியே மெல்பேண் அலுவலகத்துக்கு வேலை செய்கிறார். நேரில் கண்டதில்லை.

“அங்கிள், தொந்தரவு பண்றேனா?”

“இல்லை, சொல்லுங்கோ.”

“அந்தப் பழைய குழியோட ஆழத்து அளவு இருக்கில்ல, அதுல மூணு வருஷத்தை மட்டும் தனியா அடையாளம் போட்டு வெச்சிருக்காங்க. பக்கத்துல உங்க இனிஷியல். காரணம் கையால எழுதின புத்தகத்துல இருக்குன்னு போட்டிருக்கு. அந்தப் புத்தகம் ஸ்டோர்ல எங்க கிடக்குதோ. டிரிஃப்ட்னு போட்டு முடிச்சுடலாமான்னு எங்க மேனேஜர் கேக்கறாரு.”

டிரிஃப்ட் என்றால் கருவி மெல்லப் பிசகுவது. பட்டியலில் உள்ள காரணங்களுக்குள் மரியாதையானது அதுதான். யாருக்கும் பழி இல்லை.

“போடக்கூடாது” என்றேன்.

“ஏன் அங்கிள்?”

அந்த ஏனுக்குத் தொலைபேசியில் அரை மணி நேரம் பதில் சொன்னேன். இங்கே எழுதியும் வைக்கிறேன். ஸ்டோரில் கிடக்கும் புத்தகத்தை எந்த நாளும் யாராவது குப்பையில் போடுவார்கள்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகச் சொல்லியும் நம்முடைய ஆட்களுக்கு விளங்கவில்லை. கலியாண வீடுகளில் கேட்பார்கள். தென்துருவத்தில் நிலத்தின் வெப்பத்தை அளக்கிற வேலை என்பேன். “அப்ப பென்குயின் எல்லாம் பார்த்திருப்பியள்” என்பார்கள். நான் பென்குயின் பார்த்தது மெல்பேணுக்குப் பக்கத்திலுள்ள பிலிப் தீவில், ஊரிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது. தென்துருவத்துக்கு ஒரு முறையும் போனதில்லை. மருத்துவச் சோதனையில் இரண்டு தரம் தவறினேன். மூன்றாம் தரம் கேட்கவில்லை. மெல்பேணில் ரோவில் பகுதியில் வீடு, அரை மணி நேர ஓட்டத்தில் ஆய்வுகூடம். அங்கிருந்தே வேலையை முடித்தேன்.

தென்துருவக் கண்டத்தின் கரையில் சில இடங்களில் பனி மூடாத வெறும் குன்றுகள் இருக்கின்றன. அங்கே நிலத்தைத் தோண்டினால் கொஞ்சம் கீழே மண்ணும் கல்லும் ஈரமும் ஒன்றாக உறைந்து இறுகிக் கிடக்கும். கோடையில் மேல் அடுக்கு மட்டும் இளகும், பிறகு மீண்டும் உறையும். அதற்குக் கீழே உள்ளது வருஷக் கணக்காக இளகாத நிலம். அதை உறைநிலம் என்போம். உலகம் சூடாகிறது என்றால் அந்த நிலமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகும். மேலே நேற்றைய வெயிலும் இன்றைய காற்றும் குழப்பும். ஆழத்தில் அந்தக் குழப்பம் இல்லை. பல வருஷங்கள் சேர்ந்துதான் அங்கே ஒரு சின்ன மாற்றம் தெரியும். அந்தச் சின்ன மாற்றத்தைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

குன்றில் ஒரு குழி துளைத்து அதற்குள் குழாய் இறக்கியிருந்தார்கள். குழாய்க்குள் ஒரு நீளமான கேபிள் தொங்கும். கேபிளில் மேலிருந்து கீழ்வரை பன்னிரண்டு வெப்ப உணரிகள். இப்படி இரண்டு கேபிள்கள் எங்களிடம் இருந்தன, ஒன்று சிவப்பு, மற்றது நீலம். ஒன்று நிலத்தில் இருக்கும்போது மற்றது மெல்பேணில் என் மேசையில் இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கப்பல் ஒன்றைக் கொண்டுபோய் மற்றதைக் கொண்டுவரும். இடையில் வருஷத்துக்கு ஒரு தரம் குழிக்கு ஆள் போய் அளவுகளை எடுத்து அனுப்புவார்கள். போவதற்கு முன் ஒவ்வொரு உணரியும் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, எவ்வளவு பிழை காட்டுகிறதோ அவ்வளவைத் திருத்தமாக எழுதிக் கொடுப்பது என் வேலை.

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன் நான். இங்கே கார் கழுவினேன், மின்மானி திருத்தினேன், மாலை வகுப்பில் மிச்சத்தைப் படித்தேன். உண்மையில் வேலை கற்றது ஸ்டெல்லாவிடம்.

ஸ்டெல்லா எங்கள் ஆய்வுகூடத்தின் தலைவி. மலேசியாவில் ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பெண், படிக்க வந்து இங்கேயே தங்கியவர். என்னை விட இரண்டு வயதுதான் கூட. எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. மிஸ் என்றேன்.

“மிஸ்ஸா? நான் என்னா, ஒனக்கு ஏ பி சி சொல்லிக் கொடுக்கிறேனா லா?” என்று மலேசிய ‘லா’ போட்டுச் சிரித்தார். கடைசிவரை மிஸ்தான்.

அவர் கத்தியதில்லை. கத்தினால் நன்றாக இருந்திருக்கும். பதிவுப் புத்தகத்தைத் திறந்து நீ எழுதியதை உன் முன்னாலேயே மெதுவாக, சத்தமாக வாசிப்பார். ஒரு வரி முடிந்ததும் “எப்படித் தெரியும்?” என்பார். தண்ணீர் சுத்தம் என்று எழுதியிருந்தால், எப்படித் தெரியும். கருவி நன்றாக இருக்கிறது என்றால், எப்படித் தெரியும். முதல் வருஷம் அந்தக் கேள்வி எனக்குக் கனவிலும் வந்தது. இரண்டாவது விதி, அழிக்கக்கூடாது. பிழையான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பழைய எண் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் சரியான எண், தேதி, உன் முதலெழுத்துகள். ஒரு புதுப் பையன் வெள்ளை மை பூசி அழித்தான். ஸ்டெல்லா அந்த மைப் போத்தலை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

உணரியைச் சோதிக்க ஐஸ் தொட்டி வேண்டும். பெரிய வேலை இல்லை என்று நினைப்பீர்கள். ஐஸும் தண்ணீரும் கலந்தால் பூச்சியப் பாகை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பிழை. காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்த ஐஸாக இருக்க வேண்டும். அதைத் தேங்காய்ப் பூ மாதிரிச் சீவ வேண்டும். உயரமான வெற்றிடக் குடுவையில் அடிவரை இறுக்கி அடைக்க வேண்டும். பிறகு வடித்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றினால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல் வரும். மிச்சத் தண்ணீரை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். மீண்டும் ஐஸ், மீண்டும் அடைத்தல். காரணம் இதுதான்: ஐஸ் மிதக்கும். அடியில் தண்ணீர் மட்டும் நின்றால் அந்தத் தண்ணீர் பூச்சியத்தில் நிற்காது. நாலு பாகைத் தண்ணீர்தான் எல்லாத் தண்ணீரிலும் பாரமானது, அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே பூச்சியம், அடியில் அதை விடச் சூடு. பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரே ஐஸ் தொட்டி.

இதெல்லாம் எனக்கு நித்திரையிலும் தெரியும். தெரிந்தும்தான் விட்டேன்.

நீலக் கேபிள் கப்பலுக்குப் போக வேண்டிய வாரம். ஆய்வுகூடத்து ஐஸ் இயந்திரம் பழுது. அதே வாரம் என் மகள் மதுராவின் பரதநாட்டிய அரங்கேற்றம். மெல்பேணில் அரங்கேற்றம் என்றால் என்ன பாடு என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒத்திகை. சென்னையிலிருந்து வந்த மிருதங்கக்காரரை விமான நிலையத்தில் ஏற்ற வேண்டும். ஒத்திகைக்கு வருகிறவர்களுக்குச் சர்பத் கரைக்க ஆறு பை ஐஸ் வாங்கி வரச்சொல்லி மனைவியின் கட்டளை. மத்தியானமே பெற்றோல் நிலையத்தில் வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்திருந்தேன்.

அந்த ஆறில் இரண்டு பை குடுவைக்குள் போயிற்று.

கட்டி கட்டியான ஐஸ். நடுவில் ஓட்டை வேறு. அடிவரை இறுகவில்லை. தண்ணீர் ஊற்றினேன், எழும்பி மிதந்தது. கேபிளைச் சுருட்டி இறக்கினேன். நுனிதான் முதலில் இறங்கும், ஆகவே குழியில் ஆழத்துக்குப் போகிற உணரிகள் குடுவையின் அடியில் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்க்கிற நல்ல வெப்பமானியை நடுவில் குத்தினேன். பூச்சியம் காட்டியது. அடியில் குத்திப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அளவுகளை எழுதினேன். புத்தகத்தில் ‘ஐஸ்’ என்று ஒரு கட்டம். முதல் வரியில் ‘வடித்த நீர், சீவியது’ என்று எழுதி, அதற்குக் கீழே வரிக்கு வரி மேற்படி என்பதற்கு அடையாளமாக இரண்டு சின்னக் கோடுகள் போட்டிருந்தேன். அன்றைக்கும் அதே இரண்டு கோடுகள். யோசித்து எழுதிய பொய் இல்லை. கை பழக்கத்தில் போட்டது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. பொய்தான்.

ஒத்திகையில் சர்பத் போதவில்லை. “அப்பா, ஐஸ் ஆறு பை எண்டெல்லோ சொன்னது? மற்ற ரெண்டு எங்க?” என்று மதுரா கேட்டாள். கடையில் குறைத்துத் தந்துவிட்டார்கள் என்றேன். ஒரே நாளில் இரண்டு பொய், அதே இரண்டு பைக்கு.

நீலக் கேபிள் நிலத்துக்குள் போயிற்று. முதல் வருஷ அளவு வந்தபோது கிரெக் என் மேசைக்கு வந்தான். அவன்தான் அந்தக் குழிக்குப் பொறுப்பான விஞ்ஞானி. நல்லவன், அவசரக்காரன். “ஆழத்தில் சூடாவது நின்றுவிட்டது, நண்பா. கொஞ்சம் குளிர்ந்துகூட இருக்கிறது” என்றான். எனக்கு அந்த இரண்டு பை ஐஸ் நினைவு வந்தது. கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அடியில் இருந்த உணரிகள் பூச்சியத்தை விடச் சூடான தண்ணீரில் கிடந்து கொஞ்சம் கூடக் காட்டியிருக்கும். அதைக் கருவியின் பிழை என்று நினைத்து நான் கழித்திருப்பேன். அப்படியானால் ஆழத்து அளவுகள் எல்லாம் உண்மையை விடக் குளிராகத்தான் வரும். ஒரு நிமிஷக் கணக்கு. நான் போடவில்லை. தன் மேலேயே சந்தேகம் இருக்கிறவன் கணக்குப் போட மாட்டான்.

கிரெக் மேல் உணரிகளைச் சரிபார்த்தான். இலையுதிர் காலத்தில் மேல் அடுக்கு மண் திரும்ப உறையும்போது அதன் வெப்பம் பல நாள் பூச்சியத்திலேயே நிற்கும். அது நிலமே வைத்துத் தருகிற ஐஸ் தொட்டி. மேல் உணரிகள் அந்த நாள்களில் பூச்சியம் காட்டின. “கருவி சரி” என்றான். மேல் உணரிகள் என் குடுவையிலும் மேலே கிடந்தவை, அவை சரியாகத்தான் இருக்கும். ஆழம் ஒரு நாளும் பூச்சியத்துக்கு வராது. அங்கே என்னைப் பிடிக்க ஆள் இல்லை.

மூன்றாம் வருஷம் மேலிடத்தில் பேச்சுத் தொடங்கியது. ஆழத்தில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தக் குழிக்கு வருஷா வருஷம் ஆள் எதற்கு, ஹெலிகொப்டர் எதற்கு? மூடிவிடலாமே. எத்தனையோ பேர் குளிரில் நின்று சேர்த்த தொடர் பதிவு. இடையில் விட்டால் பிறகு யாராலும் அந்த வருஷங்களை வாங்க முடியாது. அதைக் கொல்லப் போவது என் இரண்டு பை ஐஸ் என்று எனக்கு மட்டும் தெரியும். அப்போதும் வாய் திறக்கவில்லை.

பிறகு கப்பல் நீலக் கேபிளைக் கொண்டுவந்தது.

வந்த கருவியைத் துடைக்கக்கூடாது, திருத்தக்கூடாது. வந்தபடியே முதலில் சோதிக்க வேண்டும். இதுவும் ஸ்டெல்லாவின் விதி. இந்த முறை ஐஸை அவரே சீவினார். நான் வாசித்தேன், அவர் எழுதினார், கிரெக் பக்கத்தில் நின்றான். முதல் ஏழு உணரிகள் சரி. எட்டாவதில் கொஞ்சம் பிசகு. ஒன்பதில் கூட. பன்னிரண்டில் ஆகக் கூட.

கிரெக் துள்ளினான். “ஈரம் புகுந்திருக்கிறது! அடியில் உள்ள உணரிகள் மெல்ல மெல்லப் பிசகியிருக்கின்றன. டிரிஃப்ட். மூன்று வருஷத்துக்கும் படிப்படியாகப் பகிர்ந்து திருத்திவிடலாம்.”

கணினியில் தட்டினான். ஐந்து நிமிஷத்தில் புதுக் கோடு வந்தது. தொடக்கத்தில் திருத்தம் இல்லை, கடைசியில் முழுத் திருத்தம். ஆகவே கோடு கீழே விழுந்து, பிறகு மூன்று வருஷமும் செங்குத்தாக ஏறியது.

“பாருங்கள்! ஆழம் பறக்கிறது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் குழியை மூட ஒருவனும் துணிய மாட்டான்” என்றான்.

இதுதான் நான் சொல்ல வந்த இடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் குழி பிழைக்கும். நானும் பிழைப்பேன். உலகம் சூடாகிறது என்பதும் உண்மை, அதற்குச் சார்பான கோடுதான் அது. யாருக்கும் நட்டம் இல்லை. ஒரே ஒரு குறை, அந்தக் கோடு பொய். பிசகு மெல்ல மெல்ல வரவில்லை. முதல் நாளே, குடுவையிலேயே வந்தது. மூன்று வருஷத்துக்கும் ஒரே அளவு திருத்தினால்தான் சரி. இது தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

ஸ்டெல்லா கோட்டைப் பார்க்கவில்லை. அலுமாரியில் இருந்து பழைய புத்தகத்தை எடுத்து என் வரியை வாசித்தார். கேபிள் நீலம். வெப்பமானி இத்தனையாவது எண். ஐஸ்.

“ஐஸ், மேற்படி” என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். கிரெக் நிற்கும்போது எப்போதும் ஆங்கிலம்தான் பேசுவார். அன்றைக்குத் தமிழில் கேட்டார். “அந்த வாரம் மெஷின் ரிப்பேரு. எனக்கு ஞாபகம் இருக்கு. இது என்னா ஐஸு, சிவம்?”

“மிஸ்…”

“சொல்லு லா.”

“பெற்றோல் ஸ்டேசன் ஐஸ் மிஸ். சர்பத்துக்கு வாங்கினது. அடி இறுகேல்லை. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டனான்.”

“எப்படித் தெரியும்?” என்று அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு தரம் கேட்காமல் விட்டார்.

“என்கிட்ட சொன்னா போதாது. இங்கிலிஷ்ல அவன்கிட்ட சொல்லு” என்றார்.

சொன்னேன். கிரெக்கின் முகம் சிவந்தது. “மூன்று வருஷம்!” என்றான். ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னான். அது எனக்கு வேண்டியதுதான். பிறகு கதிரையில் உட்கார்ந்து, அந்தப் பறக்கிற கோட்டை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தானே அழித்தான். திரும்பத் தட்டினான். ஒரே அளவு திருத்தம், முதல் நாளிலிருந்து. கோடு பழைய இடத்தில் போய்ப் பொருந்தியது. முன்னே எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில், மெதுவாக, பார்க்கிறவனுக்கு அலுப்பு வருகிற மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. நிற்கவும் இல்லை, பறக்கவும் இல்லை.

ஸ்டெல்லா பேனையை என்னிடம் நீட்டினார். இரண்டு சின்னக் கோடுகளுக்கு மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் அது என்ன ஐஸ் என்று உண்மையை எழுதினேன். அன்றைய தேதி, முதலெழுத்துகள்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆறு மாதம் என்னைத் தொட்டிப் பக்கம் விடவில்லை, கேபிள்களுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டினேன். குழியை மூடவில்லை. ஆனால் நம்பிக்கை இல்லாத பதிவுக்கு வருஷா வருஷம் செலவா என்று ஒருவர் கேட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம்தான் போவது என்று குறைத்தார்கள். அது என்னால் வந்தது. ஸ்டெல்லா அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. ஓய்வுபெற்றுப் போகிற அன்றைக்கு ஆய்வுகூடத்துச் சாவியைத் தந்துவிட்டு, “ஐஸ் மெஷின் சர்வீஸ் மறந்துறாதே” என்றார். அவ்வளவுதான்.

சுகன்யா இவ்வளவையும் கேட்டு முடித்தார்.

“அரங்கேற்றத்துக்கு வாங்குன ஐஸா அங்கிள்?”

“ஓம்.”

“உங்க பொண்ணுக்குத் தெரியுமா?”

“இல்லை. கடைக்காரன் குறைச்சுத் தந்திட்டான் எண்டுதான் இப்பவும் நினைச்சுக்கொண்டிருக்கிறாள்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கேட்டார். “அங்கிள், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எண் எல்லாம் திருத்தியாச்சு. கோடு இப்போ சரி. அப்புறம் காரணம் என்னவா இருந்தா என்ன?”

“பிள்ளை, டிரிஃப்ட் எண்டு போட்டால் நாளைக்கு ஒருத்தன் அதை நம்பி, படிப்படியாய்த் திருத்தினாத்தான் சரி எண்டு திரும்பத் திருத்துவான். கிரெக் அண்டைக்குப் போட்ட கோடு திரும்ப வரும். அண்டைக்கு நான் பக்கத்தில நிண்டனான். அடுத்த தரம் நிக்க மாட்டன்.”

“ஆமா” என்றார். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. “லிஸ்ட்ல கடைசியா ‘அதர்’னு ஒண்ணு இருக்கு. அதைத் தொட்டா ஒரு கட்டம் திறக்குது. இருபது எழுத்துக்கு மேல போகாதாம். என்ன போடட்டும்?”

எல்லாம் இருபது எழுத்துக்குள் சொல்ல வேண்டும். யோசித்தேன். மன்னிப்புக் கேட்க இடம் போதாது, அதுவும் நல்லதுதான்.

“சேர்வோ ஐஸ் எண்டு இங்கிலிஷில போடுங்கோ” என்றேன். இந்த நாட்டில் பெற்றோல் நிலையத்துக்கு அதுதான் பெயர். வேலை தெரிந்த எவனுக்கும் அந்த இரண்டு சொல் போதும்.

தட்டினார். வாசித்துக் காட்டினார்.

“உங்க இனிஷியலும் போடவா அங்கிள்? கட்டாயம் இல்ல.”

“இடம் இருந்தால் போடுங்கோ.”

வாய்க்குள் எண்ணினார். இருந்தது.